இரண்டு வீட்டு மாங்காய்

என்னோடு வேலை செய்பவர்களுக்கு என்மேல் ஒரு புகார் உண்டு. மற்ற தவறுகளையெல்லாம் பொறுமையாகச் சுட்டிக்காட்டுகிற மனிதர், புரோகிராமின் தலையில் ஒரு நட்சத்திரக் குறியைக் கண்டுவிட்டால் மட்டும் சாமி வந்தவர்போல ஆடுகிறார் என்பது அந்தப் புகார். பெங்களூரில் இருக்கிற ஒரு பெண் சென்ற வாரம் வீடியோ காலில் நேராகவே கேட்டுவிட்டாள், ஒரு ஸ்டாருக்கா சார் இவ்வளவு கோபம் என்று. ஆரணியில் என் வீட்டில் உட்கார்ந்தபடி, பாடப் புத்தகங்களில் இருக்கிற காரணத்தை அவளுக்குச் சொன்னேன். அது சரியான காரணம்தான். என் காரணம் வேறு.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டுக்குள் "அண்ணி" என்று கூப்பிட்டால் ஒருவர்தான் திரும்பிப் பார்ப்பார். அதையே சந்தையில் நின்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். புரோகிராம் எழுதுகிறவனுக்கும் இதே தொல்லை உண்டு. ஆயிரம் பெயர் வைக்க வேண்டியிருக்கும். நல்ல பெயர்களோ கொஞ்சம்தான். அதனால் பைத்தான் என்கிற கணினி மொழியில் ஒவ்வொரு ஃபைலையும் ஒரு தனி வீடாக வைத்திருக்கிறார்கள். அந்த ஃபைலுக்குள் வைத்த பெயர் அந்த வீட்டுக்குள் மட்டும் செல்லும். இந்த ஏற்பாட்டுக்கு நேம்ஸ்பேஸ் என்று பெயர். வெளியிலிருந்து ஒன்றைக் கூப்பிட வேண்டுமென்றால் முதலில் வீட்டைச் சொல்லி, ஒரு புள்ளி வைத்து, அப்புறம் பெயரைச் சொல்ல வேண்டும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நாம் சொல்வதை யாரோ கணினிக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நட்சத்திரக் குறி இந்த ஏற்பாட்டைக் குலைக்கிற குறுக்குவழி. ஒரு ஃபைலைச் சொல்லி, இம்போர்ட் என்று எழுதி நட்சத்திரம் போட்டால், அந்த வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் பெட்டி படுக்கையோடு உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே அதே பெயரில் ஒருவர் இருந்தால், கடைசியாக வந்தவருக்குத்தான் இடம்; முன்பிருந்தவர் சத்தமில்லாமல் காணாமல் போவார். பைத்தான் இதை ஒரு தவறாகவே எடுத்துக்கொள்ளாது. ஒரு வார்த்தை எச்சரிக்காது.

இதெல்லாம் எனக்குக் கல்லூரியிலேயே தெரியும். தெரிந்து செய்தவன் நான், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

சென்னையில் நான் இருந்த கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது, குறைந்தவர்களில் நானும் ஒருவன். சொந்த ஊரான ஆரணிக்கு வந்து நாலு மாதம் சும்மா இருந்தேன். பிறகு வந்தவாசி பஸ் திரும்புகிற மூலையில், மாடியில் இருந்த ஒரு டிசைன் கடையில் சேர்ந்தேன். பட்டுப் புடவைக்கான டிசைனை வரைந்து, அதைப் புள்ளி புள்ளியாகக் கட்டம் பிரித்து, அட்டை அடிக்கிறவரிடம் ஃபைலாகக் கொடுப்பது அந்தக் கடையின் வேலை. அந்த அட்டைகளில் விழுகிற ஓட்டைகளைப் பார்த்துத்தான் தறிமேல் இருக்கிற ஜக்கார்டு என்கிற கருவி எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளும். கடையில் நாங்கள் மூன்று பேர். முதலாளி, நான், அப்புறம் டிசைன் வரைகிற அக்கா.

அக்கா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பெரணமல்லூர் பக்கம் ஒரு கிராமம். அவருடைய அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆயுசு முழுக்க மற்றவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். மகளை மட்டும் எப்படியோ பாலிடெக்னிக்கில் சேர்த்து ஜவுளி டிசைன் படிக்க வைத்துவிட்டார். அக்காவைக் கட்டிக்கொடுத்த இடம் ஆரணி. வீட்டுக்காரருக்கு அரிசி மில்லில் வேலை. கொழுந்தன் பட்டு நெய்கிறவர். இந்தக் கொழுந்தனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஊர் அவரை மறக்கவே இல்லை.

எங்களிடம் டிசைன் போடக் கொடுப்பவர்கள் தறிக்கார முதலாளிகள். ஒவ்வொருவருக்கும் கீழே பத்து, இருபது தறி ஓடும். அவர்கள் யாரும் டிசைனுக்கு நம்பர் சொல்ல மாட்டார்கள். தூண் வீட்டுக்காரர் வந்தால் "நம்ம மாங்கா போட்டுடுங்க" என்பார். கிணற்று வீட்டுக்காரர் வந்தாலும் "நம்ம மாங்கா" என்றுதான் சொல்வார். வீட்டின் முன்னால் தூண் இருந்ததால் தூண் வீடு, கொல்லையில் பெரிய கிணறு இருந்ததால் கிணற்று வீடு. ஊரில் அவர்களுக்கு அதுதான் அடையாளம். அந்த வருஷம் தூண் வீட்டுக்குப் புதிதாகப் போட்ட மாங்காய் நீளமாக வளர்ந்து நுனி கிளிமூக்காக வளைந்திருக்கும், வயிற்றில் ஐந்து இதழ்ப் பூ. கிணற்று வீட்டு மாங்காய் குட்டை, உள்ளே வெறும் புள்ளிகள். அவரவர் வீட்டில் அவரவர் மாங்காய் ஒன்றுதான் மாங்காய். ஒரு வீட்டு டிசைனை இன்னொரு வீட்டுத் தறியில் ஏற்றக் கூடாது என்பது தொழிலில் எழுதாத சட்டம். எழுதி வைத்திருந்தால் மீறியிருப்பார்களோ என்னவோ, எழுதாததால் எல்லோரும் பயந்து நடந்தார்கள்.

தூண் வீட்டுக் கிளிமூக்கு மாங்காயை வரைந்தவர் அக்காதான். மூன்று வாரம் கட்டத் தாளில் பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்திருந்தார். அந்த மூக்கு ஒரு கட்டம் அதிகமாக வளைந்தால் கொக்கி மாதிரி ஆகிவிடுகிறது, ஒரு கட்டம் குறைந்தால் மிளகாய் மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே அழித்து அழித்துப் போட்டார். முடித்த அன்று தாளைச் சுவரில் சாய்த்துவிட்டு, எதிர்ச்சுவர்வரை பின்னால் நடந்துபோய் நின்று பார்த்தார். அந்த டிசைன் ஆவணி முகூர்த்தத்துக்காகத் தூண் வீட்டுக்காரர் ரகசியமாக வைத்திருந்தது. இனிமேல்தான் ஜவுளிக் கடைக்குப் போக வேண்டும்.

அக்காவுக்கு ஒரு பழக்கம். வரைந்த தாள் ஒவ்வொன்றின் மூலையிலும் வீடு, இடம், பெயர் மூன்றையும் எழுதுவார். தூண் வீடு, முந்தி, மாங்காய். கிணற்று வீடு, பார்டர், மாங்காய். தபாலில் போடப் போகிறீர்களா, அட்ரஸ் எழுதுகிறீர்களே என்று நான் கிண்டல் செய்வேன். தனக்குப் பிறகு அந்த அலமாரியைத் திறக்கிறவன் யாரிடமும் கேட்காமல் எடுக்க வேண்டும் இல்லையா என்பார் அவர். நேம்ஸ்பேஸ் பற்றி இரண்டு வருஷம் வகுப்பில் உட்கார்ந்து கேட்டவன் நான். பென்சிலால் அதைச் செய்துகொண்டிருந்தவரைப் பார்த்துச் சிரித்தவனும் நான்தான்.

சேர்ந்த ஆறாம் மாதம் ஒரு புரோகிராம் எழுதினேன். அதுவரை ஒவ்வொரு புடவைக்கும் பார்டரைத் தனியாக, உடலைத் தனியாக, முந்தியைத் தனியாக வெட்டி ஒட்டிச் சேர்க்க அரை நாள் ஆகும். என் புரோகிராமில் ஒவ்வொரு தறி வீட்டுக்கும் ஒரு ஃபைல். அதற்குள் மாங்காய், மயில், ருத்ராட்சம் என்று ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு ஃபங்ஷன், அதாவது அந்த ஒரு வேலையை மட்டும் செய்கிற குட்டிப் புரோகிராம். இந்த ஆர்டரில் பார்டருக்கு இது, முந்திக்கு அது என்று கொடுத்தால் பத்து நிமிஷத்தில் முழுப் புடவையின் ஃபைலும் வந்துவிடும். முதலாளி கடைக்கு வருகிறவர்களையெல்லாம் என் நாற்காலிக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி, "நம்ம தம்பி சொந்தமா எழுதினது" என்பார். வேலை போய் ஊர் திரும்பியவனுக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு தேவைப்பட்டது என்று இப்போது நினைத்தால் கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது.

புடவையின் இரண்டு பக்க பார்டரும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும். அதற்காக ஓர் உருவத்தை இடவலமாகத் திருப்புகிற ஃபங்ஷன் ஒன்றை எழுதியிருந்தேன். முதல் ஆர்டர் தூண் வீட்டுடையது என்பதால் அதைத் தூண் வீட்டு ஃபைலுக்குள்ளேயே வைத்துவிட்டேன். எல்லா வீட்டுக்கும் பொதுவான சாமானை ஒரு வீட்டுக்குள் பூட்டி வைத்த மாதிரி. அதை எடுத்துப் பொதுவில் வைத்திருக்க வேண்டும். நாளைக்குச் செய்யலாம் என்று விட்டேன். கிணற்று வீட்டு ஆர்டர் வந்த அன்று அந்த ஃபங்ஷன் தேவைப்பட்டது. கிணற்று வீட்டு ஃபைலை நட்சத்திரம் போட்டுக் கூப்பிட்டிருந்தேன். அதன் கீழே, அதே கையோடு, தூண் வீட்டு ஃபைலையும் நட்சத்திரம் போட்டுக் கூப்பிட்டேன்.

அக்கா பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்கு அப்போது பைத்தான் தெரியாது. ஆனால் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அவங்க வீட்டு ஃபைல் இங்கே ஏன் வருகிறது என்று கேட்டார். திருப்புவதற்கு மட்டும்தான் அக்கா, ஒவ்வொரு தடவையும் வீட்டுப் பேரைச் சேர்த்து டைப் அடிக்கிறது பேஜார் என்று சொன்னேன். அவர் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

கிணற்று வீட்டு மாங்காய் வெளியே போனது. தூண் வீட்டு மாங்காய் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. நீளமோ குட்டையோ, இரண்டையும் ஒரே அளவு கட்டத்துக்குள் வைத்திருந்ததால் புரோகிராம் எங்கும் நிற்கவில்லை. நான் திரையில் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். மாங்காய் இருந்தது, இரண்டு பக்கமும் எதிரெதிரே பார்த்தது, சரி என்று பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டேன். அக்கா அதற்குள் ஒரு சாவுக்காக ஊருக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பார். அட்டை அடித்தார்கள், கோத்தார்கள், தறியில் ஏற்றினார்கள். நெய்தவர் மாங்காய் மாறியிருப்பதைக் கவனித்தார். தன் தறி முதலாளி புது டிசைன் வாங்கியிருக்கிறார்போல என்று நினைத்துக்கொண்டார். கிணற்று வீட்டுக்காரரும் கவனித்தார். பழையதைவிட லட்சணமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு, இன்னும் இரண்டு தறியில் அதையே ஏற்றச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். நல்லது தானாக வந்தால் யார்தான் விசாரிக்கிறார்கள்.

ஆடி மாதக் கடைசியில் பஜாரில் ஒரு ஜவுளிக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் புடவை தொங்கியது. தூண் வீட்டுக்காரரின் மகன் பார்த்துவிட்டான். விசாரித்ததற்கு, கிணற்று வீட்டுத் தறியில் நெய்தது என்றார்கள்.

அரை மணி நேரத்தில் தூண் வீட்டுக்காரர் எங்கள் மாடிப்படியில் ஏறி வந்தார். நல்ல மனிதர், அதிர்ந்து பேசாதவர். அன்றைக்கும் கத்தவில்லை. கிளிமூக்கு வெளியே போயிருக்கிறது, என் வீட்டையும் இந்த அறையையும் தாண்டி அதைப் பார்த்தவர் யாரும் கிடையாது என்றார். முதலாளிக்கு வேர்த்துவிட்டது. இந்தக் கடையை நம்பி டிசைன் கொடுக்கலாமா என்று நாளைக்கு ஊரே கேட்கும். யார் என்ற கேள்வி வந்ததும் அறையில் இருந்த கண்கள் எல்லாம் அக்கா பக்கம் போயின. அவருடைய கொழுந்தன் யார் வீட்டுத் தறியில் நெய்கிறார்? கிணற்று வீட்டில். அதற்குமேல் யாருக்கும் யோசிக்கத் தேவை இருக்கவில்லை. என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. நான் இன்ஜினியர் தம்பி, வாத்தியார் வீட்டுப் பையன். அக்கா கூலிக்காரர் மகள். இதை யாரும் வாயால் சொல்லவில்லை.

அக்கா ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "நானே வரைஞ்சத நானே திருடுவனா அண்ணா?"

முதலாளி தூண் வீட்டுக்காரரைப் பார்த்தார். தூண் வீட்டுக்காரர்தான் ஒரு வழி சொன்னார். எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. களவுப் பேச்சு வந்து சாட்சி இல்லையென்றால், அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி, சந்தேகப்பட்டவர் உள்ளங்கையால் அதை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்துவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை கோயிலில் அதைச் செய்துவிடட்டும், நான் நம்பிக்கொள்கிறேன் என்றார். மடியில் கனமில்லையென்றால் வழியில் என்ன பயம் என்று முதலாளி அக்காவைச் சமாதானப்படுத்தினார். அவருக்குக் கடையைக் காப்பாற்ற வேண்டும். அக்காவுக்கு இந்த வேலை போனால் ஆரணியில் வேறு எந்த டிசைன் கடையும் அவரைச் சேர்க்காது. திருட்டுப் பட்டத்தோடு போகிறவரை யார் சேர்ப்பார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா என் மேஜைக்கு வந்தார். அதுவரை என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. "தம்பி, கிணத்து வீட்டுக்கு அன்னிக்கு இன்னா போச்சுன்னு ஒரு தரம் பாரேன். எனக்கு மனசு கேக்கல" என்றார். பார்க்கிறேன் என்றேன். பார்த்தேன். அந்த இரண்டு வரிகளும் தலைப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக, இரண்டு நட்சத்திரத்தோடு இருந்தன. படித்த கணத்திலேயே புரிந்துவிட்டது. வேறு யாருமில்லை, நான்தான்.

உடனே சரி செய்தேன். அதில் மட்டும் எனக்குத் தாமதமே இல்லை. திருப்புகிற ஃபங்ஷனை ஒரு பொது ஃபைலுக்கு மாற்றினேன். நட்சத்திரங்களை எடுத்தேன். எல்லா இடத்திலும் வீட்டைச் சொல்லி, புள்ளி வைத்து, பிறகு மாங்காய் என்று எழுதினேன். ஓட்டிப் பார்த்தால் கிணற்று வீட்டுக் குட்டை மாங்காய் தன் இடத்தில் ஒழுங்காக வந்து நின்றது.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்புகிறவன்போலப் பையை மாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்குக்கா" என்றேன். அந்த வாக்கியத்தில் பொய் என்று ஒரு சொல்லும் கிடையாது, அப்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இப்படிக் கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிறவனை எனக்குப் பொதுவாகப் பிடிக்காது.

ஏன் சொல்லவில்லை என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். வேலை போயிருக்காது. முதலாளி நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார், அவ்வளவுதான். வருகிறவர்களை என் நாற்காலிக்குப் பின்னால் நிறுத்துவாரே, அது நின்றுபோகும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்புறம் எனக்கு நானே ஒரு நியாயமும் கண்டுபிடித்தேன். அக்கா திருடவில்லை; நாளைக்கு அவர் சொல்லப் போவதும் உண்மை; உண்மைக்குச் சத்தியம் செய்வதால் யாருக்கு என்ன நஷ்டம்? பேச்சும் முடிந்துவிடும், புரோகிராமும் சரியாகிவிட்டது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அதைச் சொல்லத்தான் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கோயிலில் பத்துப் பேர் இருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்து, தலையைக் குனிந்தபடி ஓரமாக நின்றார். பூசாரி தரையில் கற்பூரத்தை வைத்து ஏற்றினார். அக்கா என்னைப் பார்த்து, கூட வந்து நில் தம்பி என்றார். போய் நின்றேன். அவர் குனிந்து, தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இந்த டிசைன நான் யாருக்கும் குடுக்கல. குடுத்திருந்தா வரையுற இந்தக் கை வெளங்காம போவட்டும்."

சொல்லிவிட்டு வலது உள்ளங்கையைத் தீயின்மேல் வைத்து அழுத்தினார். வழக்கமாகச் சட்டென்று தட்டி அணைப்பார்கள். அவர் எடுக்கவே இல்லை. புகை அடங்கியபிறகுதான் எடுத்தார். தூண் வீட்டுக்காரர், "போதும்மா, நம்பிட்டேன்" என்றார். திரும்பி வரும்போது முதலாளி எங்களுக்கு டிபன் வாங்கிக் கொடுத்தார். அக்கா சாப்பிடவில்லை. மூன்று நாள் மௌஸை இடது கையால் பிடித்தார்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. சத்தியம் செய்கிற அளவுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று பேசினார்கள். நம்பிவிட்டேன் என்று சொன்ன தூண் வீட்டுக்காரரும் ஒரு மாதம் கழித்து முதலாளியிடம் தனியாகச் சொன்னார், தங்கள் வீட்டு டிசைன் மட்டும் இனிமேல் அந்தப் பெண் கைக்குப் போக வேண்டாம், தம்பியே பார்த்துக்கொள்ளட்டும் என்று. எனக்கு ஒரு கோடுகூட நேராக வராது. அக்காவின் கிளிமூக்கை நான் கணினியில் இழுத்து, நீட்டி, வேறு மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். கொக்கி மாதிரிதான் இருந்தது. அக்கா பக்கத்து மேஜையில் இருந்துகொண்டு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் எனக்கு இப்போதைய வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே செய்கிற வேலை, பெங்களூர்ச் சம்பளம். கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஒரு மாதம் அக்காவுக்குப் புரோகிராமைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. நான் நினைத்ததைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார். நேம்ஸ்பேஸ் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும், வீட்டுப் பேர முன்னாடி போடுறதுதானே என்று முடித்துவிட்டார். வியாக்கியானத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தேன், அது அப்படியே மிச்சமாகிவிட்டது.

கடைசி வாரம் மாற்றங்களின் பட்டியலைக் காட்டினேன். புரோகிராமில் எப்போது எதை மாற்றினாலும் தேதி, நேரம், ஒரு சின்னக் குறிப்பு மூன்றையும் அது சேர்த்து வைத்துக்கொள்ளும். ஏதாவது கெட்டுப்போனால் இங்கே பார்க்கலாம் அக்கா என்று சொல்லிவிட்டு, போன் வந்ததால் வெளியே போனேன். திரும்பி வந்தபோது அவர் திரையில் ஒரு வரியின்மேல் விரலை வைத்திருந்தார். மாங்காய் மோதல் சரி செய்யப்பட்டது என்று இருந்தது அந்தக் குறிப்பு. ஒழுங்காகக் குறிப்பு எழுதுகிறவன் நான். அந்தப் பழக்கத்தை மட்டும் அன்றைக்கும் விடவில்லை.

"வியாழக்கிழமை, நாலு மணி பத்து நிமிஷம்னு போட்டுகினு இருக்குது" என்றார் அக்கா. பிறகு அந்த மாற்றத்தைத் திறந்து, எடுத்த வரிகளையும் சேர்த்த வரிகளையும் மெதுவாகப் படித்தார். நான்தான் அவருக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன். முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப உனக்குத் தெரிஞ்சேதான் கோயில்ல என் பக்கத்துல நின்னுகினு இருந்த."

ஆமாம் என்றேன். மன்னிச்சிடுங்கக்கா என்ற சொல் வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அவர் எனக்கு ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது, சொல்லவில்லை. அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதலாளியிடமும் தூண் வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டு வா என்றார்.

முதலாளி படியிலேயே இருந்தார். கேட்டுவிட்டு, அட, அதுவா விஷயம் என்றார். தூண் வீட்டுக்கு நடந்து போனேன். வழி முழுக்க எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். என்னையும் கோயிலுக்குக் கூப்பிடுவார்கள், தெருவில் நிறுத்திக் கேட்பார்கள், அப்பா காதுக்குப் போகும் என்றெல்லாம் நினைத்தேன். ஒருவிதத்தில் அப்படி நடந்தால் நல்லது என்றுகூட இருந்தது. தூண் வீட்டுக்காரர் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். இரண்டு ஃபைல், ஒரே பெயர், கடைசியில் வந்தது நின்றுவிட்டது, சத்தியத்துக்கு முந்தைய நாளே எனக்குத் தெரியும், அக்கா ஒரு பாவமும் அறியாதவர் என்று முழுவதையும் சொன்னேன். முந்தைய நாளே தெரியும் என்பதை இரண்டு முறை சொன்னேன்.

அவர் சிரித்தார். "கம்ப்யூட்டர் பண்ண தப்புக்கு நீ இன்னா தம்பி பண்ணுவ? வுடு, அது எப்பவோ முடிஞ்சி போச்சு" என்றார். அந்தப் பெண்ணிடம் நீங்கள் ஒரு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும் என்றேன். நாங்கதான் அப்பவே நம்பிவிட்டோமே, இன்னும் என்ன பேசுவது என்றார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். புது வேலையைப் பற்றி விசாரித்தார். பெங்களூரில் எவ்வளவு மழை, எப்போது கல்யாணம் என்று கேட்டார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

கடைக்குத் திரும்பியபோது அக்கா கட்டத் தாளில் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, என்ன சொன்னார்கள் என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலக்கா. உக்கார வச்சி காபி குடுத்தாங்க."

பென்சில் நின்றது.

"குடிச்சியா?" என்றார்.

குடித்திருந்தேன்.